பேர் போடாத புத்தகம்

பாலராமபுரத்தை விட்டு இரண்டு மைல் நடந்திருப்பேன், மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க மனமில்லை. ஒதுங்கி நின்றால் திரும்பிப் போகலாமே என்று தோன்றிவிடும். அங்கே ஒரு தறிக்கூடத்தில் ஐந்து வாரம் நூல் சுற்றியிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. முதலாளி நல்லவர். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீனும் போடுவார். ஆறாவது வாரத்தின் முதல் நாள் காலையில் ராட்டினத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன், எழுந்தேன், சட்டையை மாட்டிக்கொண்டு வடக்கே நடந்துவிட்டேன்.

எனக்கு அது புதிதில்லை. தூத்துக்குடி உப்பளத்திலிருந்தும் புனலூரில் மரம் வெட்டும் கூப்பிலிருந்தும் கொல்லத்து முந்திரிக் கொட்டகையிலிருந்தும் அப்படித்தான் கிளம்பினேன். தக்கலையில் என் மாமனார் வீட்டிலிருந்தும் அப்படித்தான். அந்த வீட்டில் என் பெண்டாட்டியும் எட்டு மாதப் பெண் குழந்தையும் இருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

கரமனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நாகர்கோவிலிலிருந்து வந்த பஸ் ஒன்று சக்கரம் பஞ்சராகி நின்றது. டிரைவர் மழையில் நனைந்தபடி ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பிடித்துக் கொடுத்தேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

“எடே, நீ இருக்கியா?”

குழித்துறைக்காரர். என் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

“இருக்கேன்.”

“உன் மாமனாரு நீ செத்ததாட்டு வச்சாச்சுன்னு சந்தையில எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு. தெரியுமா?”

“தெரியாது.”

“பிள்ளைக்கு அஞ்சு வயசாச்சு. இந்த விஜயதசமிக்கு அரிசியில விரல் பிடிச்சு எழுத்துக்கு இருத்துகாவ. அதும் உனக்குத் தெரியாது.” புதுச் சக்கரத்தைத் தூக்கினார். “பிடி, பிடி. கேட்டுக்கிட்டே விட்டிராத, கால்ல விழும்.”

சக்கரம் மாட்டியானதும் வண்டியில் ஏறச் சொன்னார். நடந்தே வருகிறேன் என்றேன். விஜயதசமிக்கு அன்றைக்கு ஐந்து நாள் இருந்தது.

தம்பானூர் ஸ்டேஷனில் அன்று மாலையே ஒரு சுமை கிடைத்தது. சென்னையிலிருந்து ரயிலில் வந்த மரப்பெட்டி, உள்ளே புத்தகம். புத்தகம் என்ன கனம் கனக்கும் என்று தலையில் ஏற்றியவனுக்குத்தான் தெரியும். உப்பு மூட்டை தேவலை, கழுத்துக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டி, ஆரியசாலைப் பக்கம் போகும் ஒரு சந்தில் கடை. ஒரே அறை. மூன்று பக்கமும் அலமாரி, நடுவில் ஒரு மேஜை. பெட்டியை இறக்கியதும் கடைக்காரர் கேட்டார்:

“உம்ம பேரு என்னவே?”

கூலி பேசப் போகிறார் என்று நினைத்திருந்தேன். பேரைச் சொன்னேன்.

“ஊரு?”

“தக்கலை.”

பேனாவை மையில் தொட்டு, பெட்டி மூடியின்மேல் ‘தம்பானூரிலிருந்து சுமந்து வந்தவர்’ என்று எழுதி, என் பேரையும் ஊரையும் போட்டார். எழுத்து அச்சு வார்த்தது போல இருந்தது. ஈரம் காயும்வரை ஊதினார். அதற்குப் பிறகுதான் கூலி.

அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், இரண்டு தலைமுறையாகத் திருவனந்தபுரம். அறுபதை ஒட்டிய வயது. ஒல்லி. பல வருஷம் குனிந்து எழுதியதில் இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் இறங்கியிருக்கும். நடக்கும்போது யாரோ ஒரு பக்கம் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

அந்தக் கடையில் பேர் இல்லாத பொருள் கிடையாது. ஏணியின் கடைசிப் படியில் அதைச் செய்த ஆசாரியின் பேர். ஸ்டூலுக்கு அடியில் அதைக் கொடுத்த மச்சினனின் பேர். தண்ணீர்ப் பானையின் கழுத்தில் வனைந்தவரின் பேர், சுண்ணாம்பில். குடையின் கைப்பிடியில் இரண்டு பேர், வாங்கித் தந்தவர் ஒருவர், கம்பி மாற்றியவர் ஒருவர். தன்னுடையது என்பதற்காக அவர் எழுதவில்லை. எது யாரிடமிருந்து வந்தது என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பரிசுப் புத்தகம் என்றால் இந்தப் பிடிவாதம் பத்து மடங்கு ஆகும். அது பூஜைக் காலம். எழுத்துக்கு இருத்தும் குழந்தைகளுக்கு மாமன்மாரும் அத்தைமாரும் படப் புத்தகம் வாங்கும் நாட்கள். அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலைவரை யாரும் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. அதனால் எல்லோருக்கும் அதற்கு முன்னால் வாங்கியாக வேண்டும். சந்தில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்திலும் அண்ணாச்சி ஒவ்வொரு புத்தகத்தின் முதல் தாளையும் திறந்து, பேனாவை வாங்குகிறவர் பக்கம் நீட்டுவார். யார் கொடுக்கிறது, யாருக்கு, இரண்டும் அங்கேயே, அவர் கண்முன்னால், மையில் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் புத்தகம் கடையைத் தாண்டாது.

திரும்பத் திரும்பப் பெட்டிகளைக் கொண்டுவர ஆள் வேண்டியிருந்ததால் என்னை இருக்கச் சொன்னார். மூன்று நாள் ஸ்டேஷனுக்கும் கடைக்கும் நடந்தேன். மற்ற நேரம் பொட்டலம் கட்டினேன்.

இரண்டாம் நாள், கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் ஒரு அம்மாள் வந்தாள். தங்கை மகளுக்குப் படப் புத்தகம். பசு படம் போட்டதைப் பொறுக்கினாள். அண்ணாச்சி பேனாவை நீட்டினார்.

“எனக்கு எழுத்து அறியாது அண்ணாச்சி.”

“அதுக்கென்ன. பேரைச் சொல்லும், நான் எழுதுதேன்.”

எழுதினார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து மைத்தகடு ஒன்றை எடுத்து அவள் இடது பெருவிரலை அதில் அழுத்தி, தாளில் பதித்தார். அதன் கீழே பத்திரத்தில் எழுதுவது போல, ‘இது மேற்படியாளின் இடது பெருவிரல் ரேகை’ என்று எழுதினார்.

அந்த அம்மாள் விரலைப் பார்த்துச் சிரித்தாள். “ஒரு பசு படத்துக்கு என்னெ போலீசில பிடிச்சுக் கொடுப்பீங்க போல இருக்கே.”

“உம்ம பிள்ளை நாளைக்குப் பாத்து, இது எங்க பெரியம்மை விரலுன்னு சொல்லும்லா?”

“சொல்லும், சொல்லும். பெரியம்மை எந்தத் திருட்டுல மாட்டுனான்னும் கேக்கும்.”

கடையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் மையை ஒற்றி எடுத்தார். சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்த ஒரு மொத்த வியாபாரி, மாப்பிள்ளைக்குக் கொடுக்க எந்தப் புத்தகமானாலும் சரி, கனமாக இருக்க வேண்டும் என்றார். அவரிடமும் பேனா நீண்டது. மாப்பிள்ளையின் முழுப்பேர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கு ஆளனுப்பிக் கேட்டு வரச் சொன்னார் அண்ணாச்சி. வியாபாரி அரைமணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே போகவில்லை. அன்றைக்கே ஒரு டீச்சர் வந்தார். முப்பது வயதிருக்கும். ஒற்றைச் சங்கிலி, கையில் கறுப்புக் குடை. நீல அட்டை போட்ட ஒரு சின்னக் கவிதைப் புத்தகத்தை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

“பேரு?” என்றார் அண்ணாச்சி.

“வேண்டா. கட்டித் தந்தால் மதி. அது போதும்.”

“ஆருக்குன்னாவது எழுதும்மா.”

“அது நான் கையில் கொடுத்துக்கொள்வேன்.”

“கையில குடுத்தாலும் ஆறு மாசம் கழிச்சு அது ஆரு குடுத்ததுன்னு தாளுதான் சொல்லணும். கை சொல்லாது.”

டீச்சர் பேனாவை வாங்கினார். தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பேனாவை வைத்துவிட்டார். புத்தகத்தை எந்த அலமாரியில் எடுத்தாரோ அதே இடத்தில் கொண்டுபோய்ச் செருகி, மற்ற முதுகுகளோடு சமமாகத் தட்டிவிட்டு வெளியே போனார். வெயில் இல்லை, மழை இல்லை. குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வந்தது. “அவுகளுக்கு என்ன கஷ்டமோ அண்ணாச்சி.”

“இருக்கும்.”

“ஒரு புத்தகம்தானே.”

“ஒரு காகிதம்தானேன்னுதான் எல்லாரும் நினைக்கான்,” என்றார். புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது இவர் ஏன் காகிதம் என்கிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

புரிய வைத்தவர் எதிர்ச் சாயாக்கடைக்காரர். மலையாளி. எங்களோடு பேசும்போது இரண்டு மொழியையும் ஒரே தம்ளரில் ஆற்றுவார்.

“அண்ணாச்சி பண்டு கோர்ட்டில பகர்ப்பு எழுதுற, நகல் எழுதுற குமாஸ்தா ஆயிருந்நு. முத்துப்போல எழுத்து. ஒரு நாள் மேலே உள்ள ஆளுக்கு ஒரு மொட்டைப் பெட்டிஷன் போச்சு. கைக்கூலி வாங்கிட்டுத்தான் பகர்ப்பு கொடுக்குதுன்னு. பேரில்லை, கையொப்பில்லை. விசாரணை வச்சாங்க. ஜோலி போச்சு.”

“வாங்கினாரா?”

“ஓசியில ஒரு சாயா கொடுத்தா என்கிட்ட சண்டைக்கு வருகிற மனுஷன். அவரா வாங்கும்?”

நான் சாயாவைக் குடித்துவிட்டுக் கடையைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி ஏணியின்மேல் நின்று, யாரோ ஒருவரின் பேரை ஒரு எழுத்துவிடாமல் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அஷ்டமியன்று மத்தியானம் ஒரு வில்வண்டி சந்து முனையில் வந்து நின்றது. தோளில் சரிகைக் கரை வைத்த நேரியது போட்ட ஒரு பெரியவர் இறங்கி வந்தார். தங்க விளிம்புக் கண்ணாடி. பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று கூட்டம் விலகியதிலேயே தெரிந்தது.

“சௌக்கியமா?” என்றார்.

“இருக்கேன். பேரனுக்கா?”

“ரெண்டாவது பேரன். நல்லதா ஒண்ணு எடும்.”

அண்ணாச்சி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வேறு யாருக்கும் செய்யாத ஒன்றைச் செய்தார், பேனா முள்ளைத் துணியால் துடைத்து, புது மை தொட்டுக் கொடுத்தார். பெரியவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “இவரு விடமாட்டாரு. வருஷா வருஷம் இந்தச் சடங்கு உண்டு.” உட்கார்ந்து பேரனின் பேரையும் தன் பேரையும் எழுதினார்.

அண்ணாச்சி புத்தகத்தை வாங்கி மையை ஒற்றினார். ஒற்றிய பிறகும் அந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு முழுப் பக்கத்தை வாசிக்கிற நேரம் ஆகியிருக்கும். பிறகு என்னிடம் தராமல் தானே பொட்டலம் கட்டினார். நூலை இழுத்த இழுப்பில் அட்டை முனை மடங்கியது.

அதற்குள் நான் என் காரியத்தை முடிவு செய்திருந்தேன். மூன்று நாள் கூலிக்குப் பதில் ஒரு படப் புத்தகம் கேட்டேன். அண்ணாச்சி எடுத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்துக்கு ஒரு படம் இருந்ததை எடுத்தேன். யானை, வள்ளம், ரயில், கடிகாரம். சாயங்கால நாகர்கோவில் வண்டி பழவங்காடி முக்கில் நிற்கும். குழித்துறை டிரைவரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் தக்கலையில் மாமனார் வீட்டில் கொண்டு சேர்த்துவிடுவார். பிள்ளை முதல் எழுத்து எழுதும் நாளைக்குக் கையில் இருக்கும். யார் கொடுத்தது என்று அவர் சொல்ல மாட்டார். அப்படித்தான் ஏற்பாடு.

அண்ணாச்சி முதல் தாளைத் திறந்து பேனாவை நீட்டினார்.

“எனக்குமா?”

“உமக்கென்ன, கொம்பா? போடும்.”

“பேரைப் பாத்தா என் மாமனார் அடுப்புல போட்டுருவார் அண்ணாச்சி. நான் செத்ததாட்டு வச்சிருக்காவ.”

“செத்தவன் புத்தகம் வாங்க மாட்டான். போடும்.”

“பேரில்லாம இருந்தா பிள்ளை கைக்குப் போகும். யாரோ குடுத்ததுன்னு வச்சுக்கிடும்.”

“யாரோன்னு ஒரு ஆளு கிடையாதுவே.”

“அப்ப நீங்க எழுதுங்க.”

“எழுத்துத் தெரியாதவங்களுக்குத்தான் நான் எழுதுவேன். நீரு நாலாங்கிளாஸ் படிச்சவரு. பொட்டலத்துல முகவரி எழுதுதீரே, பாத்தேனே.”

பேனாவை வாங்கினேன். முள்ளில் மை காய்ந்தது. மறுபடி தொட்டேன், மறுபடி காய்ந்தது. உப்பளத்தில் கால் வெடித்துப் புண்ணாகி நின்றிருக்கிறேன், கூப்பில் மரம் உருண்டு பக்கத்து ஆளைக் கொண்டுபோனதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் இருந்த கை இப்போது இல்லை. என் பேரை எழுதினால் அந்தப் பிள்ளைக்கு அப்பன் உயிரோடு இருக்கிறான், வரவில்லை, என்று ஆகிவிடும். எழுதாவிட்டால் அவளுக்கு அப்பன் செத்தவன்தான். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

முக்கில் வண்டி ஹாரன் அடித்தது. பேனாவை வைத்துவிட்டு ஓடினேன்.

“அஞ்சு நிமிஷம் அண்ணே. இப்ப எடுத்துட்டு வந்துருதேன்.”

“இது என்ன உன் மாமனாரு வண்டியா?” என்றார் டிரைவர். ஆனால் இறங்கிப் போய் ஒரு பீடி பற்ற வைத்தார். எனக்காகத்தான்.

திரும்பி ஓடி வந்தபோது கடையில் விளக்கு ஏற்றியாகிவிட்டது. மேஜைமேல் பட்டு விரித்து, புத்தகங்களை அடுக்கி, சந்தனமும் பூவும் வைத்திருந்தார். பேனா, மைக்கூடு, மைத்தகடு எல்லாம் அடுக்கின் முன்னால். நடுவில் ஒரு புத்தகத்தின் ஓரம் தெரிந்தது. யானை போட்ட அட்டை.

“என் புத்தகம் அண்ணாச்சி.”

“பூஜை வச்சாச்சு.”

“அது என்னுது.”

“பேரு போடாத புத்தகம் கடைப் புத்தகம்வே. கடைப் புத்தகம் எல்லாம் பூஜைக்கு.”

“வண்டி நிக்குது.”

“நிக்கட்டும். இனி விஜயதசமி காலைதான். எடுக்கவும் கூடாது, எழுதவும் கூடாது.” குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. மழை வந்தால் நனையும் என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் சில வார்த்தை பேசினேன். அதை இங்கே எழுத வேண்டாம். அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டு கேட்டார். முக்கில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மறுநாள் நவமி. விடிந்ததும் ஊரைவிட்டுப் போய்விடுவது என்று நடந்தேன். வள்ளக்கடவு வரை போனேன், சங்குமுகம் கடற்கரை வரை போனேன். எந்த ஊரிலிருந்தும் கிளம்பிய பிறகு நான் திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு யானை அட்டை என் கழுத்தில் கயிறு போட்டிருந்தது. மணலில் உட்கார்ந்தேன், எழுந்தேன். வெயில் ஏறியபோது வந்த வழியே திரும்பினேன்.

அண்ணாச்சி என்னைவிட மோசமாக இருந்தார். எழுத முடியாத நாள் அவருக்கு. ஸ்டூலில் உட்கார்வார், ஏணியில் இரண்டு படி ஏறுவார், இறங்குவார். வலது கை விரல்கள் முழங்காலில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தன. போதாததற்கு ஸ்டேஷனிலிருந்து வேறொரு ஆள் ஒரு பெட்டியைச் சுமந்து வந்து இறக்கினான். அவன் பேரை எழுத வழியில்லை.

“உம்ம பேரையும் ஊரையும் நல்லாச் சொல்லும்,” என்று மூன்று தடவை கேட்டார். பிறகு என்னிடம், “பேரு என் கணக்கு, ஊரு உம்ம கணக்கு. நாளைக் காலை வரைக்கும் மறந்திராதேயும்.”

சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பில் நேற்றைய கோபம் பாதி போய்விட்டது. கடையில் ஆள் இல்லை. கேட்டுவிட்டேன்.

“அந்தப் பெட்டிஷன் எழுதினது யாருன்னு தெரியுமா அண்ணாச்சி?”

சாயாக்கடையை ஒரு பார்வை பார்த்தார். யார் சொல்லியிருப்பார் என்று கணித்த மாதிரி.

“தெரியும். விசாரணையில காகிதத்தை என் கையிலயே குடுத்தாங்க. எழுத்தை மாத்தி எழுதியிருந்தான். பதினாலு வருஷம் பக்கத்து மேஜை. எப்படி மாத்தினாலும் தெரியாம இருக்குமா?”

“சொன்னீங்களா?”

“இல்லை.”

“ஏன்?”

“அவன் போடாத பேரை நான் எதுக்குப் போடணும்?”

சற்று நேரம் முழங்காலில் எழுதினார். பிறகு, சாதாரணமாக, “நேத்து வில்வண்டியில வந்தான்லா,” என்றார்.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டது, பேனா முள்ளைத் துடைத்தது, அந்த இரண்டு வரியை அவ்வளவு நேரம் பார்த்தது எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன.

“அவருக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியும்னு?”

“கேட்டதில்லை. வருஷா வருஷம் வருவான். என் முன்னால இருந்து பேரு போடுவான். அது மதி.”

அது போதும் என்றால் ஏன் நூலை அந்த இழுப்பு இழுத்தீர் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் பரிதாபம் வரவில்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அந்த டீச்சர் ஞாபகம் வந்தது. ஒரு மனிதனிடம் வாங்க வேண்டிய கையெழுத்தை இவர் ஊரார் எல்லோரிடமும் வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆனால் என்னைப்பற்றி நினைத்தபோது, அந்த வீட்டில் நான் இருந்ததும் ஒரு மொட்டைக் கடிதம் மாதிரிதான் என்று பட்டது. வீட்டில் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். அடியில் பேர் இல்லை.

விஜயதசமி காலை குளித்துவிட்டு வந்து தட்டில் அரிசி பரப்பினார். முதலில் தான் விரலால் எழுதினார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். கடைசியாக அரிசியில் எழுதியபோது எனக்கும் ஐந்து வயதுதான். எழுதினேன். பிறகு பூவை எடுத்துவிட்டு, அடுக்கிலிருந்து யானைப் புத்தகத்தை உருவி, முதல் தாளைத் திறந்து, பேனாவை நீட்டினார்.

பிள்ளையின் பேரை எழுதினேன். கீழே ‘அப்பா’ என்று எழுதி, அதற்குக் கீழே என் பேரைப் போட்டேன். தக்கலையில் இந்நேரம் அவள் விரலைப் பிடித்து வேறு யாரோ எழுத வைத்திருப்பார்கள். தாமதம் தாமதம்தான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. தாளைப் பார்த்தேன். ஏதோ குறைந்தது.

“மைத்தகட்டைக் குடுங்க அண்ணாச்சி.”

“உமக்கு எதுக்குவே கைநாட்டு? அதான் போட்டாச்சே.”

“அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாதே.”

மைத்தகட்டை எடுத்துத் திறந்தார். பிறகு என் இடது கையைப் பிடித்து, பெருவிரலை மையில் உருட்டி, தாளில் அழுத்தினார். அவர் கை ஈரமாக இருந்தது. பழக்கம் விடவில்லை, கீழே ‘இது மேற்படியாரின் இடது பெருவிரல் ரேகை’ என்று தன் கையால் எழுதினார். ஒற்றி எடுத்துவிட்டு, “நேத்துப் பெட்டி சுமந்து வந்த ஆளு ஊரு என்ன சொன்னான்?” என்று கேட்டார்.

“நெய்யாற்றின்கரை.”

“ம்.” பெட்டியின்மேல் எழுதப் போய்விட்டார். நான் கிளம்பியதை அவர் பார்த்தாரா என்று தெரியாது.

இவ்வளவும் எழுதிவிட்டு அவர் பேரைப் போடாமல் விட்டிருக்கிறேன். பேர் எனக்குத் தெரியும், பெட்டி மூடிகளிலிருந்து சந்து முனைப் பலகைவரை பார்த்திருக்கிறேன். அவர் பேரைப் போட்டால், அந்த ஊரில் பழைய ஆட்கள் பக்கத்து மேஜைக்காரரின் பேரையும் சொல்லிவிடுவார்கள். அண்ணாச்சி யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது அந்த ஒரு பேர்தான். இந்தத் தாள்கள் அவர் கைக்குப் போயிருந்தால் முதல் தாளைத் திறந்து, பேனாவை என் பக்கம் நீட்டியிருப்பார். அதுவும் தெரியும்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை பழவங்காடி முக்கில் நாகர்கோவில் வண்டி நின்றது. புத்தகத்தை டிரைவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“பூஜைக்குப் போன கிளீனர் பய இன்னும் வரல்ல. தனியா எப்படி ஓட்டுகது? நீ ஏறுகியா?”

“நானா?”

“ஜாக்கி பிடிக்கத் தெரியும்லா. தக்கலையில வண்டி பத்து நிமிஷம் நிக்கும். டின்னை எடுத்துக்கிட்டு ஓடிப்போய் ரேடியேட்டருக்குத் தண்ணி கொண்டுவரணும். அந்தப் பத்து நிமிஷத்துல உன் காரியத்தையும் நீயே பாத்துக்க. நான் எதுக்கு உன் மாமனாருகிட்ட பேச்சு வாங்கணும்?”

தெற்கே பார்த்தேன். கால் வடக்கே போகப் பழகியிருந்தது. தினமும் போய், தினமும் வருகிற வண்டி. தக்கலையில் தினமும் பத்து நிமிஷம்.

வண்டி ஏஜெண்டு நோட்டை விரித்தார். “கிளீனர் பேரு?”

நோட்டை வாங்கி நானே எழுதினேன்.

“கையில என்னடே மை?” என்றார் டிரைவர். “எங்க கைநாட்டு வச்ச?”

“புத்தகத்துல.” அதைச் சட்டைக்குள் செருகி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தண்ணீர் டின்னோடு பின்படியில் ஏறினேன்.